கலிங்கு என்றொரு பெயர்

ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. வயலுக்கு வேண்டும்போது திறந்து, போதும் என்றதும் அடைப்பது மதகு. ஏரி நிறைமட்டத்தைத் தாண்டியதும், திறப்பவர் யாரும் இல்லாமலே, மிஞ்சியதை மட்டும் வெளியே தள்ளுவது கலிங்கு. மதகைக் கவனிக்க ஊரில் ஓர் ஆள் இருப்பார். செங்கல்பட்டுப் பக்கம் அவரை நீர்க்கட்டி என்பார்கள், தெற்கே நீர்ப்பாய்ச்சி. கலிங்குக்கு அப்படியொரு பதவிப் பெயர் கிடையாது. அங்கே ஆளுக்கு வேலையில்லை. கல் வைத்த உயரமே முடிவு செய்துவிடும்.

கட்டடக் கலையிடம் மென்பொருள்காரர்கள் கற்க வேண்டியவை பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிவருகிறார்கள். அந்த எழுத்துகளில் வீடு வரும், தேவாலயம் வரும், பாலம் வரும். ஏரிக்கரை வருவதில்லை. வந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் கரையில் நின்று பார்த்தால், கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒற்றைப் பெயருக்குள் அடங்கியிருப்பது தெரியும்.

கலிங்கு, கலிங்கல், கலுங்கு என்று மூன்று வடிவங்களை அகராதிகள் தருகின்றன. வட மாவட்டப் பேச்சில் அது கலங்கல். கலங்கிய நீருக்கும் அதே பெயர்தான். வெள்ளக் காலத்தில் அந்த இடத்தில் ஓடுவது செம்மண் கரைந்த நீர் என்பதால் இரண்டும் ஒரே ஒலியில் சேர்வதைக் காது தடுக்கவில்லை போலும். சங்க நூல்களில் வரும் கலிங்கம் நுண்ணிய ஆடை. கலிங்க நாடு வேறு. இவற்றோடு ஏரிக் கலிங்கைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் ‘ஏரி கோடி போவுது’ என்பார்கள். கன்னடத்திலும் கோடிதான். நம் காதுக்கு அது கரையின் கடைசி, கடைக்கோடி என்ற பொருளையும் சேர்த்துக்கொடுக்கிறது. கலிங்கு பெரும்பாலும் கரையின் ஒரு முனையில்தான் இருக்கும். தெலுங்கில் அலுகு. திருநெல்வேலிக்குப் போனால் குளம் ‘மறுகால் பாயுது’. கால் என்றால் வாய்க்கால், மறுகால் என்றால் மற்றொரு கால். அந்த மாவட்டத்தில் தமிழ்பிராமிக் கல்வெட்டு கிடைத்த ஊரின் பெயரே மறுகால்தலை. இலங்கைத் தமிழர் ‘குளம் வான் பாயுது’ என்கிறார்கள். கிளிநொச்சி இரணைமடுவில் மழைக்காலச் செய்திகள் எல்லாம் வான்கதவுகளைப் பற்றியவை. மலையாளத்தில் இதே கலுங்கு, சாலைக்கு அடியில் மழைநீர் கடந்து போகும் சிறு பாலத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. கேரளத்து இளைஞர்கள் மாலையில் உட்கார்ந்து பேசுவது அந்தக் கலுங்கின் கைப்பிடிச் சுவரில்.

இவ்வளவு பெயர்களும் ஒரே உறுப்புக்கு. ஏரி வைத்து வாழ்ந்த ஒரு பகுதிகூட அந்த உறுப்பைப் பெயரில்லாமல் விடவில்லை. பாசனத்துக்கு நேரடியாக ஒரு சொட்டும் தராத ஓர் அங்கத்துக்கு இத்தனை பெயர் என்றால், அது இல்லாமல் ஏரியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆங்கிலேயப் பொறியாளர்கள் கலிங்கு என்ற சொல்லை மொழிபெயர்க்க முயலவில்லை. அவர்கள் ஊரில் அணை உண்டு, வழிமதகு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான மண்கரை ஏரிகள், ஒன்றின் மிகுதி அடுத்ததன் வரவாக ஓடும் நாடு அவர்களுக்குப் புதிது. அதனால் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் ‘கலிங்குலா’ என்று ஒரு பதிவு இருக்கிறது: தமிழ்ச் சொல், தென்னிந்தியப் பாசன அறிக்கைகளில் மிகுதியாகப் புழங்குவது என்கிறது அது. சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் ஆவணங்களில் ஒவ்வோர் ஏரிக்கும் கலிங்குலாவின் நீளம், அதன் உச்சி மட்டம், கரை உச்சி மட்டம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஆர்க்கிடெக்ட் போன்ற சொற்கள் மேற்கிலிருந்து இங்கே வந்தன. இது இங்கிருந்து அங்கே போன சொல்.

கலிங்குலாவின் மேல் வரிசையாக நட்ட கற்களைப் பற்றியும் அந்தப் பொறியாளர்கள் விரிவாக எழுதினார்கள். உச்சியில் இடைவெளி விட்டுக் கற்கள் நிற்கும். பருவமழை முடிந்து, இனிப் பெருவெள்ளம் வராது என்ற நிலையில், கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்தால் இன்னும் சில அடி நீரைப் பிடித்து வைக்கலாம். அடுத்த மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், கலிங்கு வழியே போக வேண்டிய நீர் கரையின் தலைக்கு மேல் ஏறும். மண்கரையின் மேல் ஒரு முறை நீர் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு கரை இல்லை. ஆயக்கட்டுக்காரர் இன்னும் ஒரு பலகை வைக்கச் சொல்வார்; ஏரிக்கு மேற்பக்கம் நிலம் வைத்திருப்பவர் தன் வயல் மூழ்குகிறது என்று எடுக்கச் சொல்வார். கலிங்கின் உயரம் கல்லில் இருந்தாலும், அது ஊரின் இரு தரப்புக்கு இடையே ஏற்பட்ட ஒப்பந்தமும்தான்.

இங்கே கொஞ்சம் கணக்குக்குள் போக வேண்டும், ஏனென்றால் பெயரின் உயிர் கணக்கில் இருக்கிறது. ஏரிக்கு மூன்று மட்டங்கள் குறிப்பார்கள். கலிங்கின் உச்சி, அதாவது நிறைமட்டம். பெருவெள்ளத்தில் கலிங்கின் மேல் நீர் ஓடும்போது ஏரி எட்டும் உச்சமட்டம். அதற்கும் மேலே, அலையடிப்புக்கு இடம் விட்டு, கரையின் தலை. நிறைமட்டத்துக்கும் உச்சமட்டத்துக்கும் இடையில் உள்ள அந்தச் சில அடிகளில் நீரைச் சேமிக்கக் கூடாது. அது வெள்ளம் கடந்து போவதற்கென்று வெறுமையாக விட்ட இடம். கலிங்கின் மேல் ஓடும் நீரின் உயரம் இரண்டு மடங்கானால் வெளியேறும் அளவு இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகும். வரவு கூடக் கூட, கலிங்கு அதைவிட வேகமாக விட்டுக்கொடுக்கிறது. யாரிடமும் கேட்பதில்லை.

எவ்வளவு நீளக் கலிங்கு போதும்? 1884இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்துக்கு என்றே ஒரு சூத்திரம் தந்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்கினால் பெருவெள்ள அளவு கிடைக்கும். கெழு ஊருக்கு ஊர் மாறும்: கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் ஒன்று, அதற்கு மேற்கே வேறு, மலையடிவாரத்தில் இன்னும் பெரிது. ஏரி எவ்வளவு பிடிக்கும் என்பது இதில் வருவதே இல்லை. எவ்வளவு வந்து மோதும் என்பது மட்டுமே வருகிறது. கட்டுகிறவர் தன் கட்டடத்தைப் பார்த்து அளவெடுக்கவில்லை, அதற்கு வெளியே உள்ள வானத்தையும் நிலத்தையும் பார்த்து அளவெடுத்தார்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். ஆர்க்கிடெக்சர் என்ற சொல் கணினிக்குள் வந்தது 1960களின் தொடக்கத்தில். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்ட்ரெட்ச் கணினி பற்றிய 1962 நூலில் ஃபிரெடரிக் புரூக்ஸ் ஓர் இயலின் தலைப்பிலேயே அந்தச் சொல்லைக் கையாண்டார். 1964இல் அம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் சிஸ்டம் 360 பற்றி எழுதிய கட்டுரையில் சொல் உறுதியாக ஊன்றிவிட்டது. அங்கே அது நிரலாளரின் கண்ணுக்குத் தெரியும் கணினியின் இயல்புகளைக் குறித்தது. புரூக்ஸுக்குக் கட்டடம் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது பிரான்ஸின் ரேம்ஸ் தேவாலயம்: தலைமுறைகள் மாறிக் கட்டியும் ஒரே மனம் வரைந்ததுபோல் நிற்பது. தம் 1975 நூலில் கருத்தொருமைக்கு அதையே சான்றாக வைத்தார்.

இன்னொரு வழியும் உண்டு. அது ஓர் இந்தியக் கிராமத்தின் ஊடாகப் போகிறது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் 1964இல் வடிவத்தின் ஆக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் முழுமையாகச் செய்து காட்டிய எடுத்துக்காட்டு 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமம். அந்த ஊருக்கு வேண்டிய 141 தேவைகளை எண்ணி, எது எதோடு முரண்படுகிறது, எது எதை இழுக்கிறது என்று பார்த்து, உள்ளுக்குள் நெருக்கமாகவும் ஒன்றோடொன்று தளர்வாகவும் இருக்கும் நான்கு தொகுதிகளாகப் பிரித்தார். ஒரு தொகுதி கால்நடையும் வண்டியும் எரிபொருளும். ஒன்று உழவும் பாசனமும். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், மென்பொருள் பொறியியல் என்ற பெயரையே தலைப்பாக வைத்துக் கூடிய மாநாட்டில், டென்மார்க்கின் பீட்டர் நாவுர் எழுந்து, நம் நிலை கட்டடக் கலைஞருடையதைப் போன்றது, அவர்களிடம் போவோம் என்ற கருத்தைச் சொல்லி, அலெக்ஸாண்டரின் அந்த நூலைப் பெயர் சொல்லிக் காட்டினார். பிற்பாடு 1977இல் அலெக்ஸாண்டர் 253 வடிவங்களைத் தொகுத்த நூல் வந்தது; பத்து ஆண்டு கழித்து கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் அந்த முறையை நிரலுக்குக் கொண்டுவந்தார்கள்; 1994இல் நால்வர் சேர்ந்து மென்பொருளுக்கென்று அப்படி வடிவங்களைத் தொகுத்த நூலை இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஐ.டி. கட்டடங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள்கூடப் படித்திருப்பார்கள்.

பகுத்துக் கட்டுவது, ஒருமையாகக் கட்டுவது, மற்றவர் திரும்பப் பயன்படுத்தும்படி கட்டுவது: இவற்றையெல்லாம் மென்பொருள் கட்டடத்திடமிருந்து நன்றாகவே கற்றது. ஆனால் வீட்டையும் தேவாலயத்தையும் ஆசிரியராகக் கொண்டதில் ஒன்று விடுபட்டது. வீட்டுக்குள் எத்தனை பேர் வருவார்கள் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார். ஏரிக்கு எவ்வளவு வரும் என்பதை ஏரி தீர்மானிப்பதில்லை. இணையத்தில் நிற்கும் ஒரு சேவை ஏரியின் இனம்.

மென்பொருளில் தண்ணீர்ச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்ட்ரீம், பைப், லீக், ஃப்ளட், டேட்டா லேக், வாட்டர்ஃபால். ஓவர்ஃப்ளோவும் உண்டு. ஆனால் அது ஒரு விபத்தின் பெயர். கலிங்கு ஓர் உறுப்பின் பெயர். ஒரு தொழில், வழிவதற்கு விபத்து என்றே பெயரிட்டு வைத்திருந்தால், வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றாது. 1988 நவம்பரில் இணையத்தின் பல ஆயிரம் கணினிகளை முடக்கிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான்: ஒரு சிறு நிரல், தனக்கு வரும் வரி எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்று பார்க்காமலே வாங்கிக்கொண்டது. வழிந்த எழுத்துகள் பக்கத்து நினைவகத்துக்குள் போய்க் கட்டளையாக மாறின. கரைமேல் ஏறிய நீர்.

அதே ஆண்டில் வான் ஜேக்கப்ஸன் எழுதிய கட்டுரை இதற்கு நேர் மாறான பக்கத்தைக் காட்டுகிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு வந்துவிட்டது. கம்பி அறுபடவில்லை, இயந்திரம் கெடவில்லை. நடுவில் நிரம்பிய வரிசைகளில் பொட்டலங்கள் விழுந்தன. விழுந்ததை அனுப்பியவர் மீண்டும் அனுப்பினார். அதனால் வரிசை இன்னும் நிரம்பியது. மிகுதிக்கென்று ஒரு வழி வைக்காத ஏரியில் மிகுதியே வரவாகத் திரும்பி வந்தது. ஜேக்கப்ஸன் தந்த தீர்வு எளியது: இழப்பைக் கண்டால் அனுப்பும் அளவைச் சட்டென்று குறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. யாரும் உட்கார்ந்து திறந்து மூட வேண்டாம். இன்று நம் கைபேசிகள் ஒவ்வொன்றிலும் அந்தக் குணம் இருக்கிறது. நான் அறிந்தவரை மென்பொருள் கட்டிய முதல் உண்மையான கலிங்கு அதுதான்.

அதற்குப் பின்பும் பாடம் பரவ நெடுநாள் ஆயிற்று. 1996 ஜூன் 4 அன்று அரியான் 5 ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்றபோது அது கொள்ளவில்லை. ஆபத்தான மாறிகள் ஏழு என்று முன்பே கண்டிருந்தார்கள். நான்குக்குக் காப்பு வைத்தார்கள், மூன்றுக்கு வைக்கவில்லை. அந்த மூன்றும் எல்லையைத் தாண்டாது என்ற கணக்கு அரியான் 4க்குச் சரி. ஆனால் அரியான் 5 வேறு பாதையில், வேறு வேகத்தில் போகும் ராக்கெட். சிறிய நீர்ப்பிடிப்புக்குக் கட்டிய கலிங்கைப் பெரிய ஆற்றின் குறுக்கே வைத்ததுபோல் ஆயிற்று. ரைவ்ஸின் கெழு ஊருக்கு ஊர் மாறுவது ஏன் என்பதற்கு இதைவிட விலை கூடிய விளக்கம் இல்லை.

2007இல் மைக்கேல் நைகார்ட் எழுதிய ஒரு நூலுக்குப் பிறகு நிலைமை மாறியது, பெயர்களால் மாறியது. கீழே உள்ள சேவை திணறும்போது அழைப்பையே துண்டிக்கும் உறுப்புக்கு ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்ற பெயர் பரவியது. அது மின்சாரக்காரர் சொல். ஒரு பகுதியின் நிரம்பலை மற்றதற்குப் போகாமல் தடுப்பது ‘பல்க்ஹெட்’. கப்பல் அறைகளின் தடுப்புச் சுவர். மிகுதியான வேண்டுகோள்களை வாசலிலேயே மறுப்பது ‘லோட் ஷெட்டிங்’. அதுவும் மின் நிலையத்தின் சொல்தான். இவை உறுப்புகளின் பெயர்கள். பெயர் வந்த பிறகு, வரைபடத்தை வைத்துப் பேசும் கூட்டத்தில் ‘இதில் பிரேக்கர் எங்கே’ என்று ஒருவர் கேட்க முடிந்தது. அதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லே இல்லை. கப்பலிடமும் மின்சாரத்திடமும் போய் வாங்கிய இந்தப் பெயர்களின் வேலை முழுவதையும், மண்கரை ஏரிகளின் நாட்டில் ஒரே பெயர் பல நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

செம்பரம்பாக்கத்தில் அந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பாசனத்துக்காக இருந்த ஏரி இன்று சென்னையின் குடிநீர் ஏரி. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் வருகிறது. கரையை ஒட்டி நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம். உபரிநீரை அடையாற்றுக்கு அனுப்புவது 5 கண், 19 கண் என்று இரண்டு இடங்களில் உள்ள கதவுகள். கண் என்பது நீர்வாய்களை எண்ணும் பழைய வழக்கு. பாண்டி நாட்டின் கண்மாய்க்குள்ளும் அது உண்டு என்பார்கள். கவனிக்க வேண்டியது அடுத்த சொல்லை. செய்தித்தாள்கள் எழுதுவது ‘19 கண் மதகு’. ஊர்க்காரர் சொல்வது ஷட்டர். செய்யும் வேலையால் அது கலிங்கு. ஆனால் யாரும் கலிங்கு என்பதில்லை. அந்த மாற்றத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவு வைத்ததும் அது திறந்து மூட ஆள் வேண்டிய பொருளாகிவிட்டது. ஆள் வேண்டிய வாய்க்கு நம் மொழியில் பெயர் மதகு. பெயர் பிசகாமல்தான் மாறியிருக்கிறது.

கதவு வைப்பதில் லாபம் பெரிது. கலிங்கின் மேல் வெறுமையாக விட வேண்டிய அந்தச் சில அடிகளிலும் நீரைப் பிடிக்கலாம். கோடையில் நகரம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அடிகளின் அருமை தெரியும். ஆனால் அதற்கான விலை, முடிவு எடுக்கும் பொறுப்பு கல்லிடமிருந்து மனிதரிடம் வந்துவிடுவது, அதுவும் அடைமழை இரவில்.

2015 டிசம்பர் 1 அன்று அப்படியொரு இரவு வந்தது. 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை, தாம்பரத்தில் 49. ஏரியிலிருந்து வெளியேற்றம் நொடிக்கு 29,000 கனஅடிக்குப் போனது. அதற்கு முன்பே அடையாறு கீழ்ப்பகுதி மழையால் நிரம்பியிருந்தது. குன்றத்தூர், திருநீர்மலை, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் முழுவதும் நீர் ஏறியது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைத்த இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை நீர் வெளியேற்றத்தைக் கடுமையாகக் குறை கூறியது. பூந்தமல்லி சாலையில், மணப்பாக்கம் ராமாபுரம் வட்டாரத்தில் நிற்கும் ஐ.டி. வளாகங்களும் இந்த ஆற்றின் பக்கத்தில்தான். சென்னை ஐ.டி. நிறுவனங்கள் பல, வேலையை நிறுத்தி, ஆட்களை வேறு நகரங்களுக்கு அனுப்பின. மென்பொருள் கட்டுகிறவர்களுக்குக் கலிங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தனியாக ஒரு காரணம் தேவையில்லை; அவர்கள் உட்கார்ந்து வேலை செய்வது ஒரு பெரிய ஏரியின் மறுகால் ஓரத்தில்.

நல்ல கலிங்கு இருந்தால் மட்டும் போதாது, அதற்கு அப்பால் வழி வேண்டும். மறுகால் என்ற தெற்கத்திச் சொல் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அது வாய்க்குப் பெயர் வைக்கவில்லை, வாய்க்குப் பின்னால் உள்ள காலுக்குப் பெயர் வைத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகப் போகிறது. 2015இல் விமான நிலையம் மூழ்கி நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. மென்பொருளிலும் இதே நோய் உண்டு. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் டிங் யுவானும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல், பெரிய தரவுச் சேவைகள் ஐந்தில் நேர்ந்த 198 கோளாறுகளை ஆராய்ந்தார்கள். சேவை முழுதாக விழுந்துபோன பெருங்கோளாறுகளில் 92 விழுக்காட்டில், பிழையை மென்பொருளே முன்கூட்டி அறிந்து சொல்லியிருந்தது. அதை வாங்கிக் கையாள வேண்டிய பகுதிதான் பொய்த்தது. சில இடங்களில் அந்தப் பகுதி வெறுமையாக, பிறகு எழுதலாம் என்ற குறிப்போடு நின்றது. கலிங்கு கட்டி, மறுகாலில் வீடு கட்டிய நிலை. எப்போதோ ஓடும் வாய்க்கால் என்பதால் அதை யாரும் தூர்வாரவில்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

தூர்வாருவதற்கு நம்மிடம் ஓர் ஏற்பாடும் பெயரும் இருந்தன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் வந்தவர்களில் அறுவரை ஏரி வாரியத்துக்கு ஒதுக்குகிறது, ஓராண்டுக்கு. பிற்காலத்தில் ஊரார் கூடிச் செய்த பழுதுபார்ப்புக்குக் குடிமராமத்து என்று பெயர் வந்தது. மராமத்து அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல், பழுது நீக்குதல் என்று பொருள். அதன் முன்னால் ‘குடி’ சேர்ந்ததும் யார் செய்வது என்பதும் பெயருக்குள் வந்துவிட்டது. 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இடம், செம்பரம்பாக்கத்துக்குத் தெற்கே உள்ள மணிமங்கலம் ஏரி.

ஏரிகள் தனித்தனியாக இல்லை என்பதும் இந்தப் பகுதியில் கண்கூடு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் அவற்றின் மிகுதி செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து கூவத்து நீரும் புதிய பங்காரு கால்வாய் வழியே வரும். ஆகவே ஒரு கலிங்கின் அளவு அந்த ஏரியின் சொந்த விஷயம் அன்று. கீழே இருப்பவரின் வரவுக் கணக்கு. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ளது தாங்காது, அது உடைந்தால் அதற்கும் கீழே. இன்று மென்பொருளை ஒரே பெரிய நிரலாக எழுதாமல் நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாக எழுதுகிறார்கள், ஒன்று மற்றொன்றை அழைத்துக்கொண்டு. அது சங்கிலி ஏரிகளின் அமைப்புதான். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசிப் பதிவு தொடங்கியதும் கோவின் தளம் திணறியது நினைவிருக்கும். பதில் வராதவர் மீண்டும் பொத்தானை அழுத்தினார், குடும்பத்தில் இன்னொருவரும் அழுத்தினார். மேலிருந்து வரும் வெள்ளத்தின் அளவை, கீழே பதில் வராத நேரமே கூட்டிக்கொண்டிருந்தது.

2015க்குப் பின் செம்பரம்பாக்கத்தில் வந்த மாற்றம் கதவுகளை எடுத்துவிட்டுக் கல் வைத்ததன்று. குடிநீர் ஏரியில் அது முடியாது. மாறியது திறக்கும் முறை. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிய நாள். நீர்மட்டம் 22 அடியை எட்டியதும், முழு அடியான 24க்குக் காத்திராமல், நண்பகலில் 1,000 கனஅடி திறந்தார்கள். பிறகு 3,000, 5,000, 7,000, இரவில் 9,000. வரவைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினார்கள். மழை விட்டதும் குறைத்தார்கள். மேலே இரண்டு அடியை வெறுமையாக வைத்துக்கொண்டு, ஏறும் மட்டத்துக்கு ஏற்பக் கூட்டுவது கலிங்கின் குணம். கதவை வைத்துக்கொண்டே கலிங்கின் குணத்தை ஆணைகளில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்றே இதைப் படிக்கிறேன். மென்பொருளில் இதைச் செய்யும் இடங்கள் இன்று உண்டு: வரிசை முழுக்க நிரம்பிய பிறகு எல்லோரையும் கைவிடாமல், முக்கால் நிரம்பியதும் அவசரமில்லாத வேலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கி, நெருக்கடிக்கு ஏற்ப அதைக் கூட்டுகிறார்கள்.

கதவு திறப்பதற்கு முன் ஓர் அறிவிப்பு வரும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று கீழே உள்ள ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், எத்தனை கனஅடி என்ற எண்ணோடு. கலிங்குக்கு இது தேவைப்படவில்லை. அதன் மேல் நீர் விழும் ஓசையே அறிவிப்பாக இருந்தது. கதவுக்குத் தேவைப்படுகிறது. இணையத்திலும் 2012 முதல் 429 என்று ஒரு பதில் எண் இருக்கிறது: நீங்கள் அளவுக்கு மேல் கேட்கிறீர்கள் என்பது அதன் பொருள். கூடவே எத்தனை நொடி கழித்து வரலாம் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். பல சேவைகள் எண்ணை அனுப்பிவிட்டு அந்த வரியை விட்டுவிடுகின்றன. எவ்வளவு நேரம் பொறுப்பது என்று தெரியாத அழைப்பாளர் உடனே திரும்பி வருகிறார்.